நுரை நிற்கும்வரை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், உங்கள் நாற்காலியில் அமர்ந்து, உங்கள் பேனாவால் உங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் இங்கே சுகம். உங்கள் வீடும் பெரும்பாலும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் மூத்த மகளும், பிறந்து பன்னிரண்டு நாளான பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தை அப்படியே உங்கள் ஜாடை என்று போனில் சொன்னார்கள். கவலைப்படாதீர்கள், வளர வளர மாறிவிடும். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்தக் குழந்தைக்கும் பொதுவாகச் சொல்வதுதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் போனை எப்போதும் சம்பந்தியம்மாதான் எடுக்கிறார்கள். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது அல்ல. அதனால்தான் உறையின் மேல் 'கொதிகலன் பராமரிப்பு: காலாண்டு அறிக்கை' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு உறையை எந்தப் பெண்மணியும் பிரிக்க மாட்டார். முப்பத்தெட்டு வருடம் மில்லில் கொதிகலனோடு குப்பை கொட்டியவன் நான், அந்த அறிக்கைகளில் ஒன்றைக்கூட என் மனைவி பிரித்ததில்லை.

விஷயம் மேஜையைப் பற்றியது. பதறாதீர்கள். நின்றுகொண்டு படிப்பதாக இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் இருக்கிற கொஞ்ச நஞ்ச நியாயமும் விளங்கும். மாப்பிள்ளையும் என் மகளும் அலுவலக வேலையாக ஒரு மாதம் வெளியூர் போய்விட்டார்கள், நீங்கள் இருவரும் பிரசவத்துக்குக் கிளம்பினீர்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, நாங்கள் வந்தோம். வந்த அன்று நீங்கள் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவிட்டுப் போன பதினான்கு குறிப்புகளையும் நான் இரண்டு தடவை படித்தேன். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டிய கேப்டன் அல்லவா நீங்கள், எழுத்தும் அப்படியே இருந்தது, ஒவ்வொரு வரியும் உத்தரவு. அதில் பத்தாவது குறிப்பு மட்டும், 'சாப்பாட்டு மேஜையில் ஈரத்துணி கூடாது' என்று இரண்டு கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது. ஏன் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. காரில் ஏறிய பிறகு சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கி, "வீட்ல எது வேணா உடையட்டும், போகட்டும். அந்த மேஜையை மட்டும் பாத்துக்கோங்க" என்று சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நர்ஸ் வேலையில் சேர்ந்து பத்து வருடம் மிச்சம் பிடித்து அவர் தன் கைக்காசில் வாங்கிய சலவைக்கல் மேஜை அது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். இன்றைக்கும் எதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் தடவித்தான் பார்க்கிறார். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த விரல்தான்.

என் மகளும் ஊருக்குக் கிளம்பும்போது போன் செய்து, "அப்பா, அங்க போய் எதையும் சுத்தம் பண்ணாதீங்க. கெஞ்சிக் கேக்கிறேன்" என்றாள்.

"ஏம்மா, சுத்தம் பண்றது ஒரு குத்தமா?"

"உங்களுக்கு நாலு வாரம். எனக்கு அந்த வீட்ல இன்னும் எத்தனையோ வருஷம் இருக்குப்பா."

சம்பந்தி, இதுதான் என் பயம் முழுவதும். மேஜை இன்றைக்குப் போனால் நாளைக்கு வேறொன்று வரும். என் பெண் உங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இனி அந்த மேஜையில் அவள் தட்டு வைக்கும்போதெல்லாம், 'இவள் அப்பாதான்' என்று ஒரு பார்வை அவள் மேல் விழுந்தால் என்னால் தாங்க முடியாது. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், தெரியும். சொல்லாமல் இருப்பதுதான் இன்னும் மோசம்.

ஆரம்பம் என்னவோ உங்கள் கெட்டில்தான். முதல் நாள் காபிக்குத் தண்ணீர் வைக்க மூடியைத் திறந்தால் உள்ளே உப்பு வெள்ளை வெளேரென்று அப்பிக் கிடந்தது. உங்களுக்கு அது கெட்டில், எனக்கு அது சின்னக் கொதிகலன். உப்பேறிய கொதிகலனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குப் பழக்கமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எங்கள் ஃபோர்மேன் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தார்: "நுரை நிக்கிற வரைக்கும் ஊத்து. நுரை நின்னா உப்பு தீந்துச்சுன்னு அர்த்தம்." மில்லில் அதற்குக் காட்டமான அமிலம் வைத்திருந்தோம். வீட்டுக்கு வினிகர் போதும் என்று மனைவி படிக்கும் பத்திரிகையில் போட்டிருந்தது. மூலைக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்து கெட்டிலில் ஊற்றினேன். நுரைத்தது. கால் மணி நேரத்தில் நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் என் முகம் தெரிந்தது. அடுத்து குளியலறை ஷவர். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி ஷவர் தலையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். அதுவரை ஐந்தாறு துளையில் மட்டும், அதுவும் கோணல்மாணலாக வந்த தண்ணீர் இப்போது எல்லாத் துளையிலும் நேராக வருகிறது. குளித்துவிட்டு வந்த என் மனைவி, "பரவால்லையே, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் முதல் தடவையா உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கீங்க" என்றாள். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. அவள் வழக்கம்போலத் திட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு சமையலறைத் தொட்டியின் அடைப்பு. அதே பத்திரிகையில் சோடா உப்பும் வினிகரும் சேர்த்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஊற்றினேன். சம்பந்தி, அப்படி ஒரு நுரையை நான் மில்லில்கூடப் பார்த்ததில்லை. தொட்டி நிறைந்து மேடையில் வழிந்து தரைக்கு வந்தது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்த நேரம் பார்த்து, வாடை தாங்காமல் மாடி வீட்டு டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவராம். வந்து நின்று பார்த்துவிட்டு, "சார், ரெண்டையும் கலந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணிதான்" என்றார்.

"இவ்வளவு நுரை வந்துச்சே டீச்சர்?"

"அது வெறும் காத்து சார்."

அப்படியானால் ஒரு மணி நேரமாக நான் எதைக் கொண்டு எதைக் கழுவினேன்? அடைப்பு என்னவோ போய்விட்டது. காற்றால் போயிற்றா, உப்புத்தண்ணீரால் போயிற்றா, நான் கூடவே குச்சியை விட்டுக் குத்தினேனே அதனால் போயிற்றா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கிளம்பும்போது டீச்சர், "என்ன வேணா பண்ணுங்க, பிளீச்சிங் பவுடரோட மட்டும் வினிகரைச் சேர்த்துடாதீங்க. அந்தப் புகை ஆளையே கொன்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கொண்டுபோய்த் தோட்டத்து மூலையில் ஒரு வாளிக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தேடினால் என்னைத் திட்டக்கூடாது என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன்.

இனி நேற்று, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நேரத்தைக் குறித்து வைப்பது தொழில் பழக்கம். மனைவி கடைக்குப் போகிற அவசரத்தில் மேஜையில் கொஞ்சம் காபியைச் சிந்திவிட்டாள். உங்கள் பத்தாவது குறிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் காபியும் ஈரம்தானே, ஈரத்தை ஈரத்தால் துடைத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று வெந்நீரில் சோப்பும் சோடா உப்பும் கரைத்துத் துடைத்தேன். துடைத்த கையோடு மேஜை முழுவதையும் துடைத்தேன். துணியில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது, அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சம்பந்தி, அப்போதுதான் அந்த வட்டம் வந்தது. உங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு பாட்டிலின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அதிலிருந்து ஒரு பக்கமாகத் திரவம் வழிந்து காய்ந்தது போல ஒரு வால். துடைப்பதற்கு முன்னால் அது இல்லை. துடைக்கத் துடைக்கத் தெளிந்துகொண்டே வந்தது. ஒரு கறை சுத்தம் செய்யச் செய்ய மறையும், எனக்குத் தெரிந்து அதுதான் உலக வழக்கம். சுத்தம் செய்யச் செய்ய வெளியே வரும் கறையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். "நேத்து இது இருந்துச்சா?"

"இல்லைங்களே."

"இப்ப இருக்கே?"

"அப்ப நீங்கதான் எங்கிருந்தோ கொண்டாந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளையாக, சொரசொரவென்று, கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொருள். என் கண்ணுக்கு அது உப்பாகத்தான் பட்டது. வேறு எப்படிப் படும்? பாட்டிலில் இருந்த வினிகரை அதன் மேல் ஊற்றினேன். மெல்லிசாக, பொடிப்பொடியாக நுரைத்தது. ஆஹா, பிடித்துவிட்டோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்தேன். கால் மணி நேரத்தில் நுரை ஓய்வது போல இருந்தது. வினிகர்தான் சக்தி இழந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடி நுரைத்தது. அரை மணி. முக்கால் மணி. ஊற்றினால் நுரைக்கிறது, துடைத்துவிட்டு ஊற்றினாலும் நுரைக்கிறது. பத்து வருடம் திறக்காத கொதிகலன்கூட இவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்காது. உள்ளே எவ்வளவு உப்பு இறங்கியிருக்கிறதோ என்று மலைத்துப்போய், மூலைக்கடைக்கு ஓடி இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். கடைக்காரர், "என்ன சார், ஊறுகாய் வியாபாரமா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை.

இரண்டாவது பாட்டில் பாதியானபோது மாடி டீச்சர் முந்தின நாள் இரவல் வாங்கிப்போன இன்னொரு வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"உப்பு எடுக்கிறேன் டீச்சர். ஒன்றரை மணி நேரமாச்சு, இன்னும் நுரை நிக்கல."

"நிக்காது சார்."

"ஏன்?"

"நீங்க பாய்லர்ல சுரண்டுவீங்களே அந்த உப்பு, இந்தக் கல்லும் அதே சரக்குதான். மேலே உப்பு, கீழே கல்லுன்னு எதுவும் இல்லை சார். எல்லாமே ஒண்ணுதான். மேஜை தீர்ற வரைக்கும் நுரைச்சுக்கிட்டே இருக்கும்."

சம்பந்தி, கையிலிருந்த பாட்டிலை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன். எனக்குப் புரியவே இல்லை, இப்போதும் முழுக்கப் புரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாக நான் கொதிகலனிலிருந்து சுரண்டிச் சுரண்டிக் குப்பையில் கொட்டியதை, ஜனங்கள் கடையில் வாங்கி வீட்டு நடுவே போட்டு அதன் மேல் சாப்பிடுகிறார்களா? அப்படியானால் எது அழுக்கு, எது மேஜை? டீச்சரிடம் கேட்டேன். அவர் பரிதாபமாக என்னைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர் எடுத்துப்போனது முழு பாட்டிலை. பாதி பாட்டில் மேஜைக்கு அடியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். துடைத்துவிட்டுப் பார்த்தால், விரித்த செய்தித்தாள் அளவுக்கு ஒரு இடம் பளபளப்புப் போய் கரும்பலகையை அழித்த மாதிரி மங்கிக் கிடந்தது. வட்டம் அதில் எங்கோ கரைந்துவிட்டது. சுற்றி எல்லாம் மின்னுகிறது, நடுவில் மட்டும் செத்துக் கிடக்கிறது. யார் பார்த்தாலும் முதல் பார்வையிலேயே தெரியும். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு இடம் மட்டும் மங்கினால்தான் கறை. முழு மேஜையும் ஒரே சீராக மங்கிவிட்டால் அது மேஜையின் நிறம். யார் கண்டுபிடிக்க முடியும்? சம்பந்தி, அந்த நேரத்தில் இது எனக்கு எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பட்டது என்பதை உங்களுக்கு விளக்க முடியாது. ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக, மிகப் பொறுப்பாக, ஒரு அங்குலம்கூட விடாமல் வினிகர் பூசிக்கொண்டே வந்தேன். சரியாகப் பாதி மேஜையில் வினிகர் தீர்ந்துபோயிற்று.

அந்த நேரம் மனைவி கடையிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைத்தாள். "என்னங்க, பாதி மேஜை எங்க போச்சு?"

"பாதியும் இங்கதான் இருக்கு. பளபளப்புதான் போயிருச்சு."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தும் சில நேரங்களில் அவளை எனக்குப் புரிவதில்லை.

இன்று காலை கல்லுக்கு பாலீஷ் போடுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "ஓ, இந்த வீடா?" என்றார். மேஜையைப் பார்த்ததும், "ஓ, இந்த மேஜையா?" என்றார். "ஏன், உங்களுக்கு இதைத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது சார்" என்றார், கொஞ்சம் அவசரமாக. குனிந்து தடவினார், மோந்து பார்த்தார், தலையை ஆட்டினார். மிஷின் வைத்துத் தேய்த்தால் அசல் மினுமினுப்பு திரும்பிவிடுமாம், ஆனால் மூன்று நாளைக்கு வீடு முழுக்க மாவு மாதிரித் தூசி பறக்குமாம், மாதக்கணக்கில் அலமாரி இடுக்கிலெல்லாம் இருக்குமாம், வீட்டம்மாவுக்குத் தெரியாமல் மறைக்கவே முடியாதாம். வீட்டம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை! "அப்ப வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "வீட்லயே நல்லாத் தேடிப் பாருங்க சார்" என்றார்.

"எதைத் தேடணும்?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மனிதனைக் குழப்பவென்றே எல்லோரும் சேர்ந்து கிளம்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உங்களுக்கே போன் செய்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பீக்கரில் சம்பந்தியம்மா, "என்ன அண்ணா, எல்லாம் சௌகரியமா இருக்கா? என் மேஜை எப்படி இருக்கு?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்கள். "நின்னுக்கிட்டு இருக்கும்மா" என்றேன். "நாலு காலும் நல்லா இருக்கு" என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவுக்கு என்ன ஆயிற்றோ, ரொம்ப நேரம் இருமினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், மேஜை என்ற பேச்சு வந்ததுமே நீங்கள், "குழந்தை அழுவுது, இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போய்விட்டீர்கள். எனக்கு என்னவோ குழந்தை அழுத சத்தம் கேட்கவில்லை.

ஆகவே சம்பந்தி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு நீங்கள் திரும்பி வருகிறீர்கள். இப்போது மேஜை மேல் ஒரு விரிப்பும், விரிப்பு மேல் ஒரு பூச்சாடியும், பூச்சாடியைச் சுற்றி நான்கு தட்டும் வைத்திருக்கிறோம். சம்பந்தியம்மாவின் விரலுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு நிமிடம் தாங்காது. நீங்கள் வாழ்க்கையில் ஒரு தடவைகூட இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், எதையும் அளந்து செய்கிற மனிதர். ஆனாலும் ஒரு பேச்சுக்கு, இதை நீங்களே செய்ததாகச் சம்பந்தியம்மாவிடம் சொல்ல முடியுமா? உங்கள் மேல் அவருக்கு வருத்தம் வந்தால் அது இரண்டு நாளில் போய்விடும். என் மேல் வந்தால் அது என் பெண்ணின் மேல் போய் உட்காரும். அவளுக்காகக் கேட்கிறேன், எனக்காக இல்லை. இனி இந்த ஜென்மத்தில் வினிகர் பாட்டிலைக் கையால் தொடமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளை பெற்றவளுக்கு என் ஆசி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லவும். பேரன் நீண்ட ஆயுளோடு, எல்லாம் நிறைந்து, எதையும் சுத்தம் செய்யாமல் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் சம்பந்தி
(மில்லின் முன்னாள் கொதிகலன் பொறுப்பாளர்)

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி: இந்த உறையை ஒட்டப் பசை தேடி உங்கள் கருவிகள் வைக்கும் அறைக்குப் போனேன். ஆணி டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பழைய கப்பல் கொடியில் சுற்றி, என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பாதி காலியான ஒரு மெழுகு டின். ஒரு மெல்லிய துணி. கால் பாட்டில் வினிகர். ஒரு அட்டை. அட்டையில், ஃபிரிட்ஜின் மேல் இருக்கிற அதே கையெழுத்தில், 'மாதம் முதல் வாரம். ஈரத்துணி கூடாது. அவள் நடக்கப் போகும் நேரம். இருபது நிமிடம் போதும்' என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தது. அந்த வட்டத்தை நான் அழிப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் நூலால் அளந்து வைத்திருந்தேன். வினிகர் பாட்டிலின் அடியில் அந்த நூலைச் சுற்றிப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.

ஆக, அந்தப் பிசுபிசுப்பு உங்கள் மெழுகு. பாலீஷ்காரர் உங்கள் ஆள். அழாத குழந்தை உங்கள் கற்பனை. எதைத் துலக்கப் போய் அந்தப் பாட்டிலை அங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சம்பந்தி, நான் உங்கள் மேஜையைக் கெடுக்கவில்லை, நீங்கள் ஏற்கெனவே கெடுத்ததைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன், அவ்வளவுதான். மேலே 'என் தவறு' என்று தொனிக்கும் இடங்களையெல்லாம் 'நம் தவறு' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். தலைகுனிந்து நிற்பதாக எழுதியதை அடித்துவிடவும். மூன்று பூச்சு மெழுகு போட்டாயிற்று. அசல் மினுமினுப்பு இல்லை, ஆனால் சாயங்கால வெளிச்சத்தில், கொஞ்சம் தள்ளி நின்று, நல்ல மனதோடு பார்த்தால் தெரியவே தெரியாது. மெழுகு தீர்ந்துவிட்டது, வரும்போது ஒரு டின் வாங்கி வரவும். நீங்கள் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவுக்கு ஆயுசுக்கும் இது தெரியக்கூடாது. படித்ததும் கிழித்துப் போடவும்.

அண்ணா, இது இவர் மனைவி நான் எழுதுவது. ஸ்டாம்பு வாங்க அவர் கடைக்குப் போயிருக்கிறார், உறை இன்னும் ஒட்டவில்லை. புதன்கிழமையே நான் பின்பக்கம் போய் அண்ணியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி சிரித்த சிரிப்பில் அங்கே குழந்தை நிஜமாகவே அழுதது. "மூணு வருஷமா அவரு ஒளிஞ்சு ஒளிஞ்சு மெழுகு போடறாரு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. விரலை வச்சா தெரியாதா எனக்கு? என் மேஜைக்காக ஒரு கேப்டன் இவ்வளவு பயப்படறாரேன்னு நினைச்சா அந்த மேஜை இன்னும் கொஞ்சம் பிடிச்சுத்தான் போகுது. இப்ப பயப்பட ரெண்டு பேரு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். எங்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "அவ அப்பாவைப் பத்திக் கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாம் சொல்லிட்டா. அவ மேல எனக்கென்ன கோபம்?" என்றார்கள். இதை இவரிடம் நான் சொல்லப் போவதில்லை. பயம் போய்விட்டால் அடுத்து எதையாவது சுத்தம் செய்யக் கிளம்பிவிடுவார்.

உங்களிடமும் சொல்லக்கூடாது என்றுதான் அண்ணி சொன்னார்கள். ஆனால் ஒரு விஷயத்துக்காக எழுத வேண்டியிருக்கிறது. மாதம் முதல் வாரம், நீங்கள் மெழுகு போட்டு முடிக்கட்டும் என்று அண்ணி வேண்டுமென்றே இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள். இப்போது அவர்களுக்கு முழங்கால் வலி. அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள், அண்ணா.